பரம்பரைக் காசுகளை விற்கும் முன் அவற்றை அறிந்துகொள்ள வன்னியில் ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் உட்கிராமங்களில் பழைய காசு, பழைய பித்தளைச் சாமான், பழைய மணிக்கூடு ஆகியவற்றை வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு வீடு வீடாக வருபவர்களின் நடமாட்டம் கூடியிருக்கிறது. அவர்கள் மீது குற்றஞ்சாட்டுவதற்காக இக்கடிதத்தை நான் எழுதவில்லை. வாங்குவதும் விற்பதும் உலக வழக்கு. ஆனால் தாம் கொடுப்பது இன்னதென்று விற்பவருக்குத் தெரியாமலும், வாங்குபவருக்கு அது நன்றாகத் தெரிந்தும் நடைபெறுகின்ற கொடுக்கல் வாங்கலை நியாயமானது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். இந்த அறியாமையை நீக்க எங்கள் பகுதியில் ஒரு சிறு ஏற்பாடுகூட இல்லை என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு செப்புக் காசு இருக்கிறது. அம்மம்மா அதை மஞ்சள் துணியில் முடிந்து, சிறிய பனையோலைக் கொட்டைப்பெட்டி ஒன்றுக்குள் இட்டுச் சாமியறையில் வைத்திருந்தார். அவருடைய தாயாரிடமிருந்து வந்தது என்பதற்கு மேல் அதைப்பற்றி அவருக்கும் எதுவும் தெரியாது. 2009 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையோடு அந்தக் கொட்டைப்பெட்டியும் வந்தது. வீட்டிலிருந்த வேறு எந்தப் பொருளும் வரவில்லை. அம்மாவும் காலமாகிவிட்ட பின்னர், அதை வைத்திருப்பதா, கொடுப்பதா, முதலில் அது உண்மையானதுதானா என்று பார்ப்பதா என்ற கேள்வி சகோதரர்களாகிய எங்களிடையே எழுந்தது. கனடாவில் இருக்கும் அக்கா, அதைத் தன்னிடம் அனுப்பினால் அங்குள்ள நிறுவனம் ஒன்றில் சோதித்துச் சான்றிதழ் எடுக்கலாம் என்கிறார். தம்பி, வீட்டின் பின்பகுதி இன்னும் பூசப்படாமல் கிடக்கிறது, நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அக்காசின் ஒரு பக்கத்தில் முன்கால்களை மடித்துப் படுத்திருக்கும் நந்தி தெரிகிறது. நந்தியின் மேலே பிறை. கீழே தமிழில் ‘சேது’ என்று இரண்டெழுத்துகள்; அடித்தபோது காசு அச்சின் நடுவில் அமராததால் முதலெழுத்தின் கொம்பு பாதியளவில் விளிம்போடு வெட்டுப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில் நிற்கும் மனித உருவமும், அதன் இரு மருங்கிலும் விளக்குப் போன்ற உருவங்களும் தேய்ந்த நிலையில் காணப்படுகின்றன. நகைக்கடைத் தராசில் நிறுத்தபோது நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது.

இத்தகைய காசுகளைச் சேது நாணயங்கள் என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், 1619 இல் போர்த்துக்கேயர் சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்தது வரை நல்லூரை மையமாகக் கொண்டு நிலைத்த யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டவை இவை. சுவாமி ஞானப்பிரகாசர் 1920 ஆம் ஆண்டளவிலேயே இவற்றைப் பற்றி விரிவாக எழுதி, இவை யாழ்ப்பாண மன்னர்களுக்கு உரியவை என்று நிறுவ முயன்றார். வன்னியின் குறுநிலத் தலைமைகளான வன்னிமைகள் அந்த அரசுக்குத் திறை செலுத்தியவை. பின்னர் அவற்றின் தலைவர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். ஆகவே வன்னியிலுள்ள ஒரு வீட்டில் சேது காசு இருப்பது வியப்புக்குரியதன்று. ஆனால் அது எந்த ஊரில், எந்தக் குடும்பத்தில், எவர் வழியாக வந்தது என்ற விபரம் அதனுடன் சேர்ந்திருக்கும்போதுதான் வரலாறு எழுதுபவருக்குப் பயன்படுகிறது. ஊரின் பெயர் கழன்றுபோன காசு, கொழும்பில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும், பாதிச் செய்தியை இழந்த காசுதான். பூநகரிப் பிரதேசத்தில் கிடைத்த காசுகளையும் மட்பாண்ட ஓடுகளையும் கொண்டு அப்பகுதியின் தொன்மையைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அவர்கள் எழுத முடிந்தது, அவை கிடைத்த இடம் தெரிந்திருந்ததனால் அல்லவா?

எங்கள் காசில் தமிழ் எழுத்து இருந்தமையால் அதை ஓரளவுக்கேனும் அடையாளம் காண முடிந்தது. எல்லாக் காசுகளும் அவ்வளவு இலகுவில் பேசுவதில்லை. வடக்கில் அடிக்கடி காணப்படும் இராஜராஜ சோழனின் செப்புக் காசில் ஒரு பக்கத்தில் அரசன் நிற்க, மறுபக்கத்தில் அமர்ந்த உருவத்தின் அருகே ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று நாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பின்னர் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி அரசி ஆகியோரும் அதே அமைப்பைப் பின்பற்றித் தத்தம் பெயரை நாகரியில் பொறித்தே காசுகளை வெளியிட்டார்கள். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். அந்த நான்கைந்து எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவரே இது தஞ்சாவூரா பொலன்னறுவையா என்று சொல்ல முடியும். மன்னாருக்கு அருகிலிருந்த பழைய மாந்தைத் துறைமுகத்தின் வழியே இந்த மண்ணுக்குள் வந்த உரோமர் காலச் செப்புக் காசுகளோ விரல் நகத்தைவிடச் சிறியவை. அவற்றைக் குப்பையென்று எறிந்தவர்களை நான் அறிவேன்.

பழமையும் அருமையும் ஒன்றல்ல என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். உரோமர் காலச் சிறு காசுகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையவை, ஆனால் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. வி.ஓ.சி என்ற மூன்றெழுத்துச் சின்னம் பொறித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக் காசுகளும் அப்படியே ஏராளம். அதே கம்பனி 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிலேயே அடித்த தடித்த செப்புக் காசுகளில், அடித்த இடத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்று இருக்கும். கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று இடத்துக்கு இடம் எழுத்து மாறும். ஒரு காசின் விலையை அந்த ஓர் எழுத்தே மாற்றிவிடலாம். புத்த ஜயந்திக்காக 1957 இல் வெளியிடப்பட்ட ஐந்து ரூபா வெள்ளிக் காசைப் பெரும் செல்வமாக எண்ணிப் பலர் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெறுமதியில் பெரும் பங்கு அதிலுள்ள வெள்ளியே. இணையத்தில் உலவும் காணொளிகளில் சாதாரண இரண்டு ரூபாக் குற்றிக்குப் பல இலட்சம் தருவதாகச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புமாறு கேட்பது அப்பட்டமான மோசடி. உண்மையில் வாங்குபவர் எவரும் விற்பவரிடம் முற்பணம் கேட்பதில்லை.

உண்மையா போலியா என்று பார்ப்பதில் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. செம்பும் வெள்ளியும் தங்கமும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. அச்சில் வைத்து அடிக்கப்பட்ட காசில் கோடுகள் கூர்மையாக எழுந்து நிற்கும். வார்ப்பில் ஊற்றிச் செய்த போலியில் எழுத்துகள் உருகியது போல் மழுங்கி, மேற்பரப்பில் ஊசித்துளை போன்ற குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி இரு பாதிகளை ஒட்டிய தடம் இருக்கும். தாலிக்கொடியில் கோத்திருக்கும் பவுண் காசுகளைப் பொறுத்தவரை, பிரித்தானியாவில் அச்சிடப்பட்ட தங்கப் பவுண் 22 கரட் தங்கத்தால் ஆனது, 7.98 கிராம் நிறையும் 22 மில்லிமீற்றர் விட்டமும் கொண்டது. இதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகுவது பொற்கொல்லர் தங்கத்தில் செய்து கோத்த காசாக இருக்கலாம். அதுவும் தங்கமே, ஆனால் நாணயமாக அதற்குத் தனி விலை கிடையாது. வளையம் ஒட்டப்பட்ட உண்மைப் பவுணும் சேகரிப்பாளர்களிடம் மதிப்புக் குறைந்ததே. காசைத் தண்ணீரில் மூழ்கவைத்து நிறுத்து ஒப்படர்த்தி, அதாவது அதே கனவளவு தண்ணீரைவிட அது எத்தனை மடங்கு பாரம் என்று, பார்ப்பது பாடசாலை விஞ்ஞானகூடத்திலேயே முடிந்த காரியம்: தூய தங்கம் 19.3, செம்பு 9 க்குச் சற்றுக் குறைவு, 22 கரட் தங்கம் 17 க்கும் 18 க்கும் இடையில். இவ்வளவையும் காசில் ஒரு கீறலும் போடாமல் செய்யலாம். உரைகல்லில் உரைக்கவோ அமிலம் இடவோ மட்டும் பழங்காசைக் கொடுத்துவிடக் கூடாது.

துலக்குவதைப் பற்றிச் சற்று அழுத்தியே எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் வீடுகளில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பெருந்தீங்கு அதுதான். உறவினர் ஒருவர் வீட்டில் ஒல்லாந்தர் காலச் செப்புக் காசுகள் சில இருந்தன. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் குத்துவிளக்குகளோடு அவற்றையும் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினார்கள். இன்று அவை பொன்போல் மின்னுகின்றன, ஆனால் ஆண்டையும் காணோம், கம்பனியின் சின்னத்தையும் காணோம், வழுவழுப்பான செப்பு வட்டங்களே எஞ்சியுள்ளன. பழங்காசின் மேல் காலப்போக்கில் படிந்த கருமை அல்லது பச்சை கலந்த படலம் அழுக்கன்று; அது உலோகத்தைக் காக்கும் போர்வை, அதன் வயதுக்குச் சான்றும் அதுவே. அதற்கு மாறாக, உப்புக்காற்றும் ஈரமும் பட்ட செப்புக் காசுகளில் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் பூப்பதுண்டு. அது நோய்; கரையோரக் கிராமங்களில் வைத்திருக்கும் காசுகளுக்கு அந்த ஆபத்து அதிகம். சாமியறையில் மஞ்சள், குங்குமம், தீர்த்தம் படும்படி வைப்பதும் பொலித்தீன் உறைக்குள் ஈரத்தோடு அடைப்பதும் நல்லதன்று. உலர்ந்த காகித உறையில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப்பொட்டலம் ஒன்றுடன், மூடியுள்ள பெட்டியில் வைத்தாலே போதும். கையில் எடுக்கும்போது விளிம்பில் பிடிக்க வேண்டும்.

அக்காவின் யோசனையில் உள்ள சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை எனக் கருதப்படும் காசுகள் தொல்பொருள் வரைவிலக்கணத்துக்குள் அடங்கும். அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல உத்தரவுப்பத்திரம் பெற வேண்டும். விடுமுறைக்கு வந்து திரும்பும் உறவினரின் கைப்பையில் வைத்துவிடுவது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், அவரை விமான நிலையத்தில் குற்றவாளியாக நிறுத்தக்கூடிய செயல். வெளிநாட்டு நிறுவனங்கள் காசை ஆராய்ந்து 70 வரை புள்ளி வழங்கி உறையில் அடைத்துத் தருவது அமெரிக்க, ஐரோப்பிய நாணயங்களின் சந்தையில் பெரிதும் உதவும் முறை. வன்னியில் கிடைத்த ஒரு சேது காசுக்கு அந்தப் புள்ளியைவிடத் தமிழ் எழுத்தமைதி அறிந்த ஒருவர் எழுதித் தரும் அரைப்பக்கக் குறிப்பே கூடிய பெறுமதி உடையது என்பது என் எண்ணம்.

பரம்பரையாகக் கையில் உள்ள காசும் மண்ணில் கண்டெடுத்த காசும் ஒன்றல்ல. கண்டுபிடிக்கப்படாமல் நிலத்தினுள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது என்றே அதே சட்டம் சொல்கிறது. காணி எங்களுடையது என்பதால் மட்டும் அதற்குள் கிடைப்பது எங்களுடையதாகிவிடாது; கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ கிடைத்தால் உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். புதையல் தேடி இரவில் குளக்கட்டுகளையும் பழைய கோயில் நிலங்களையும் தோண்டுபவர்கள் பற்றிய செய்திகளைத் தங்கள் பத்திரிகையிலேயே படிக்கிறோம். அவர்கள் எடுப்பது ஒரு குடம் காசு என்றால், அழிப்பது அந்த இடத்தின் முழு வரலாறு. என் கடிதம் அத்தகையோருக்கு ஊக்கமாக அமைந்துவிடக் கூடாது என்பதாலேயே இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்கிறேன்.

நேர்மையாக வைத்திருப்பவர்களும் காசை வெளியே காட்ட ஏன் தயங்குகிறார்கள்? அச்சமே காரணம். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணி பறிபோகுமோ, வேலி போடுவார்களோ என்று எங்கள் மக்கள் நினைக்கும் அளவுக்கு இங்கு நிகழ்வுகள் நடந்திருக்கின்றன. காசைக் காட்டினால் பறித்துக்கொள்வார்கள், எங்கிருந்து எடுத்தாய் என்று விசாரிப்பார்கள் என்ற பேச்சு ஊரில் உண்டு. நான் எங்கள் காசைப் பற்றி அலுவலகம் ஒன்றில் விசாரித்தபோது, அதைக் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு மட்டுமே சொன்னார்கள்; பற்றுச்சீட்டு தருவீர்களா, திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வரவில்லை. இந்த இடைவெளிக்குள்தான் வீடு தேடி வருபவர் நுழைகிறார். அவர் கேள்வி எதுவும் கேட்பதில்லை, காசை உடனே கையில் வைக்கிறார். எங்கள் கொட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்த ஒருவர் முதலில் சொன்ன விலைக்கும், நான் ‘சேது’ என்ற எழுத்தை வாசித்துக் காட்டிய பின் சொன்ன விலைக்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம் இருந்தது. அந்த எழுத்தை வாசிக்க முடியாத ஒரு முதிய தாயிடம் அவர் எந்த விலையில் நின்றிருப்பார் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ், பொதுமக்கள் தமக்குக் கிடைத்த பழம்பொருட்களை உள்ளூர் அலுவலரிடம் கொண்டுசென்று காட்டுகிறார்கள். அவர் படம் எடுத்து, அளந்து, கிடைத்த இடத்தைப் பதிந்து, பெரும்பாலானவற்றை உரியவரிடமே திருப்பிக் கொடுக்கிறார். இதுவரை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அவ்வாறு பதிவாகியுள்ளன. அந்நாட்டின் சட்டம் வேறு, எங்கள் சட்டம் வேறு. அதை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது என்பதை அறிவேன். ஆயினும் காட்டினால் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தால் மக்கள் காட்டுவார்கள் என்பதற்கு அது போதிய சான்று.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையினரும் யாழ்ப்பாணம், வவுனியா ஆகிய நகரங்களிலுள்ள தொல்பொருள் நூதனசாலைகளின் அலுவலர்களும் பிரதேச செயலகங்களோடு கூடி, முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் நாணயங்களை அடையாளம் காட்டும் நாள் ஒன்றை நடத்த வேண்டும். அடையாள அட்டைக்கும் காணி உறுதிக்கும் நடமாடும் சேவை நடத்தப்படும் அதே மண்டபத்தில் ஒரு மேசையும் தராசும் உருப்பெருக்கியும் படக்கருவியும் இருந்தால் போதும். குடும்பத்தின் வழி வந்த காசு அன்றே, கொண்டுவந்தவர் கண்முன்னே, அவர் கையில் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். அந்த உறுதி முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். காசின் வகை, காலம், நிறை, நிலை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட தாள் ஒன்று உரியவரிடமும், பெயர் வெளியிடப்படாத பதிவு பல்கலைக்கழகத்திலும் இருக்கட்டும். விலை சொல்வது அவர்கள் வேலையன்று. ஆனால் தன் கையிலுள்ளது இன்னதென்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

விற்பவர்களைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. போரில் கணவனை இழந்து, அடகுக்கடையில் கடைசி வளையலையும் வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கும் ஒரு பெண்ணிடம் வரலாற்றைக் காப்பாற்று என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. அவர் விற்கட்டும், ஆனால் என்னவென்று அறிந்து, உரிய விலைக்கு, நாட்டுக்குள், முடிந்தால் ஒரு நூதனசாலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ முதலில் கேட்டுவிட்டு விற்கட்டும். விற்கும் முன் இரு பக்கமும் அளவுகோலோடு படமெடுத்து, அது வந்த வழியைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால், காசு போனாலும் செய்தி எஞ்சும். பழைய தங்கக் காசை மட்டும் நிறைக்கு விற்று உருக்கக் கொடுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். உருகிய பின் அதை எவராலும் மீட்க முடியாது.

எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, அது அம்மம்மாவின் சீதனத்தோடு வந்ததா, எல்லோருக்கும் பொதுவான முதுசமா என்ற கேள்வியைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுத் தெளிவுபெறத் தீர்மானித்துள்ளோம். உடன்பிறந்தவர்கள் அனைவரும் கையொப்பமிடாமல் அதை எவரும் கைமாற்றுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறோம். என்னுடைய கருத்து, அது உண்மையானது என்று உறுதிப்பட்டால் விற்கக் கூடாது என்பதே. வீட்டின் பின்பகுதியைப் பூசுவதற்கு வேறு வழி தேடலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் இப்போது பொறுத்திருக்கச் சம்மதித்திருக்கிறார். காசின் படங்களையும் நிறையையும் அளவையும் குடும்பத்தில் அது வந்த வழியையும் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஆயத்தம் செய்து வருகிறோம்.

நான் கேட்டுள்ள அடையாளம் காட்டும் நாளை நடத்துவது இயலுமா, இயலுமாயின் எந்த மாவட்டத்தில் முதலில் தொடங்கலாம் என்பதைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் நூதனசாலைப் பொறுப்பாளர்களும் தங்கள் பத்திரிகையின் வாயிலாகவே தெரிவிப்பார்களாயின், கையில் காசை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் பல குடும்பங்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.